எஞ்சின் அணைந்திருந்தாலும் முள் மேலேதான் நிற்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர் விமான நிலையத் திட்டத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறிய விமானங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தையும், அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இத்தாலிய உரிமத்தில் பார்ட்டினேவியா பி68சி என்ற இரண்டு எஞ்சின் விமானங்களைத் தயாரித்ததையும் எழுதியது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெருமைதான். ஆனால் காக்பிட் கருவிகள் பற்றிய பத்தியில் ஒரு வரி உறுத்துகிறது. மேனிஃபோல்டு பிரஷர் என்பது எஞ்சின் உண்டாக்கும் அழுத்தம், முள் ஏற ஏற எஞ்சின் அதிகம் உழைக்கிறது என்கிறார் கட்டுரையாளர். முதலில் சொன்னது தவறு; அது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில் (மேனிஃபோல்டு) இருக்கும் காற்றின் அழுத்தம். அடுத்ததும் எப்போதும் சரியாக இருக்காது.

நான் கிருஷ்ணகிரியில் பெட்ரோல் கார் வேலை பார்ப்பவன். ஸ்கேனரை மாட்டி, இதே அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்தால், எஞ்சினைக் கிளப்பும் முன்பே சுமார் 95 கிலோ பாஸ்கல் காட்டும். அது எஞ்சினுடையது இல்லை, எங்கள் ஊர்க் காற்றினுடையது. அதே வண்டி ஓசூர் மேட்டுக்குப் போனால் 91 பக்கம் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் 30, 35 என்று விழும். த்ராட்டில் தகடு காற்று போகும் வழியை அடைத்திருக்க, பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். இளநீர் ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் தகடு திறந்து, எண் மறுபடி வெளிக்காற்றை நெருங்கும்.

விமானத்திலும் இதேதான். அங்கே பாதரச அங்குலத்தில் அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 29.92 அங்குலம், ஏறும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அதனால் மீனம்பாக்கத்தில் சும்மா நிற்கும் விமானத்தில் முள் 30-ஐ ஒட்டி நிற்கும், பேளகொண்டப்பள்ளியில் 27-ஐ ஒட்டி. 10,000 அடி உயரத்தில் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் 20 அங்குலம்தான் கிடைக்கும். வெளிக்காற்றை மீறிப் போக காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ மாதிரி ஏதாவது வேண்டும். பெங்களூருவில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 என்ற சிறிய விமானத்தில் இருக்கும் ரோடாக்ஸ் 914 அப்படிப்பட்ட எஞ்சின்.

சரி, அப்புறம் எதற்கு இந்த மீட்டர்? தன் இறக்கைக் கோணம் மாறாத புரொப்பெல்லர் என்றால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்த்தே சக்தியை மதிப்பிடலாம். பி68சி-இல் இருப்பதோ கவர்னர் வைத்த புரொப்பெல்லர். த்ராட்டிலைக் கூட்டினால் கவர்னர் புரொப்பெல்லர் இறக்கையின் கோணத்தைக் கூட்டி, ஆர்பிஎம்-ஐ அதே இடத்தில் பிடித்து வைக்கும். ஆகவே ஆர்பிஎம்-ஐ மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேனிஃபோல்டு பிரஷரையும் சேர்த்து வைத்து, கையேட்டில் உள்ள அட்டவணையில்தான் சக்தியைப் பார்க்க வேண்டும். '25 அங்குலம் என்றால் 2,500 சுற்றுக்குக் குறையக் கூடாது' என்று ஒரு வாய்வழி விதி உண்டு. பல எஞ்சின்களின் அட்டவணையே அதைவிடக் குறைந்த சுற்றை அனுமதிக்கிறது.

கட்டுரையாளரின் வரி ஆபத்தாவது வானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோகும்போது. எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், கவர்னரும் தன் வேலையைச் செய்யும், பிஸ்டன்களும் காற்றை இழுக்கும். ஆர்பிஎம், மேனிஃபோல்டு பிரஷர் இரண்டும் கிட்டத்தட்ட பழையபடியே நிற்கலாம். முள்ளை நம்பினால் எந்த எஞ்சின் போனது என்றே தெரியாது. விமானம் செத்த எஞ்சின் பக்கம் திரும்பப் பார்க்கும், விமானி வால் சுக்கானைத் திருப்பும் எதிர்ப்பக்கத்து ரட்டர் பெடலை மிதித்து நேராக்குவார். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போய்விட்டது. அதன் த்ராட்டிலை மெதுவாக இழுத்துப் பார்ப்பார், எந்த மாற்றமும் இல்லையென்றால் உறுதி. இரண்டு எஞ்சின் விமானப் பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். கூடவே 'முழு சக்தியில் இயங்கும் எஞ்சின்' என்று நீங்கள் போட்டிருக்கும் மீட்டர் படத்தின் குறிப்பையும் மாற்றிவிடலாம். முள் 27-இல் நிற்கிறது, வாஸ்தவம். பக்கத்தில் ஆர்பிஎம் பூஜ்யம்.

இப்படிக்கு,
பட்டறை வாசகர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.