கேஸ் வெலை ஏன் ஏறுதுன்னு பங்க்குல எழுதிப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஆட்டோவுக்கு போடுற சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைச்ச எரிவாயு, வெலை ஏறுன செய்திய உங்க பத்திரிகைல நம்ம வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாரும் வாசிச்சோம், ஏன் ஏறுச்சுன்னு ஒரு வரி கூட அதுல இல்ல, அதான் எழுதுதேன்.

நம்ம நாட்டுக்கு வேண்டிய எரிவாயுல பாதி கிட்ட கப்பல்லதான் வருது. கத்தார்ல ராஸ் லஃபான்ங்கிற எடத்துல மைனஸ் 162 டிகிரிக்கு குளுர வச்சு திரவமாக்குதாங்க, அப்ப அது 600ல ஒரு பங்கா சுருங்கிரும், அத கப்பல்ல ஏத்தி வளைகுடா வாசல்ல இருக்க ஹார்முஸ் ஜலசந்திங்கிற குறுகுன கடல் வழியா குஜராத்துல இருக்க தஹேஜ் துறைமுகத்துக்கு கொண்டு வாராங்க. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவுக்கு பொழைக்கப் போன ஆளு இல்லாத தெருவே கெடையாது, அங்க பதட்டம்னா வீட்டுல எல்லாருக்கும் தூக்கம் போயிரும், ஆனா நம்ம ஆட்டோவுக்கு வார கேஸ் வெலையும் அதே கடல நம்பித்தான் இருக்குன்னு நெறைய பேருக்கு தெரியல.

சிஎன்ஜிக்குன்னு அரசாங்கம் உள்நாட்டு கேஸ கம்மி வெலைல ஒதுக்கும், சரி. ஆனா 2024 அக்டோபர்லயும் நவம்பர்லயும் அந்த ஒதுக்கீட்ட வெட்டுனாங்க, வெட்டுனதுக்கு ஈடா கூடுதல் வெலைக்கு வாங்க வேண்டியதாப் போச்சு. பெட்ரோல் ஆட்டோவ வித்துட்டு லோன் போட்டு சிஎன்ஜி வண்டி எடுத்தவன் திரும்பிப் போக முடியுமா சொல்லுங்க.

கத்தார்ட்டருந்து வருஷத்துக்கு 75 லட்சம் டன் திரவ கேஸ் வாங்க ஒப்பந்தம் இருக்கு, 2024 பிப்ரவரில அத 2048 வரைக்கும் நீட்டிச்சாங்க, அத நான் மனசார வரவேற்குதேன். அன்னன்னைக்கு சந்தை வெலைக்கு வாங்குறத நம்புனா என்ன ஆவும்னு 2022ல பாத்துட்டோம்லா. உக்ரைன் சண்டை வந்ததும் ரஷ்யா பைப்லைன் கேஸ் கொறஞ்சு போயி ஐரோப்பாக்காரன் துட்ட அள்ளி வீசி கப்பல் கப்பலா வாங்கிட்டுப் போனான், பாகிஸ்தான் டெண்டர் விட்டும் விக்க ஒரு ஆளு வரல, கரண்ட் எடுக்க கேஸ் இல்லாம அங்க ஜனங்க வெயில்ல வெந்தாங்க. ஒப்பந்தம் மட்டும் போதும்னும் சொல்ல முடியாது, அதே வருஷம் நம்ம மத்திய அரசோட எரிவாயு கம்பெனி கெயிலுக்கு ஒப்பந்தப்படி வர வேண்டிய கப்பலே பல தடவ வரல. அதனால ஒரே நாட்ட நம்பாம நாலஞ்சு எடத்துல நீண்ட கால ஒப்பந்தம் போடணும்.

ராமநாதபுரம் தூத்துக்குடி கேஸ் பைப்லைன 2021ல தொறந்தாங்க, 143 கிலோமீட்டர். தூத்துக்குடி இங்கருந்து ஒரு மணி நேரம், ஆனா நான் கேஸ் போடுற பங்க்குக்கு இன்னும் லாரிலதான் சிலிண்டர் அடுக்கி வருது. விடியக்காலைல போனா 200 பிரஷர் ஏறுது, பத்து மணிக்கு மேல போனா முள்ளு 150 தாண்ட மாட்டேங்குது, அப்ப சாயங்காலத்துக்குள்ள இன்னொரு தடவ லைன்ல நிக்கணும், அந்த நேரத்துல ஸ்கூல் சவாரி போயிரும். பைப்ப நெல்லை வரைக்கும் சீக்கிரம் இழுங்க. கூடவே இந்த மாசம் விக்குற கேஸ்ல உள்நாட்டு கேஸ் எவ்வளவு, கப்பல்ல வந்தது எவ்வளவு, என்ன வெலைக்கு வாங்குனதுன்னு ஒவ்வொரு பங்க்குலயும் தமிழ்ல எழுதி வைக்கச் சொல்லி நீங்களும் பத்திரிகைல வற்புறுத்தணும்.

இப்படிக்கு,
ஆட்டோ டிரைவர், வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி