திண்ணையில் முதல் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் தாத்தா போன மாதம் தன் 94-ஆவது வயதில் காலமானார். அம்பாசமுத்திரத்தில் இருந்து பாபநாசம் போகிற சாலையோரம்தான் எங்கள் வீடு, ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் அந்த வழியாகத்தான் போகும், குழந்தை குட்டியோடு யார் வந்து திண்ணையில் உட்கார்ந்தாலும் பித்தளைச் செம்பில் தண்ணீரை நீட்டிக்கொண்டே "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார், எந்த ஊர், யார் மகன் என்பதெல்லாம் அப்புறம்தான். 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் வீடிழந்து வந்தவர்களுக்குப் பட்டாசலை, அதாவது வீட்டுக் கூடத்தை, காலி செய்து கொடுத்து, இருந்த அரிசி மொத்தத்தையும் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினார்களாம். ஆச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் சிக்கி நின்றுபோன செய்தி வந்தபோது, "அவங்களுக்குச் சோறு யாரு கொடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள் என்று சொன்ன பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார்.

இப்போது கார் நிறுத்தத் திண்ணையை இடிக்கலாம் என்று வீட்டில் பேச்சு. நான் சம்மதிக்கவில்லை. வருகிற ஆடிக்கும் செம்பு அங்கேதான் இருக்கும்.

ஒரு பேரன்,
அம்பாசமுத்திரம்