நிலாவின் விளையாட்டை யாரும் திருடவில்லை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்பதா, எஃப்.ஐ.ஆர். என்பதா தெரியவில்லை. ஹாஸ்டலில் பக்கெட் காணாமல் போனபோது வார்டனுக்கு எழுதினாயே, அதே நடை. நீ மாறவே இல்லை. புகார் இதுதானே: உன் மகள் நிலா ஸ்கிராட்ச்சில் (பிள்ளைகள் கட்டளைத் துண்டுகளை அடுக்கி விளையாட்டு செய்து போடுகிற இணையதளம்) போட்ட விளையாட்டை, பிரேசிலில் இருந்து யாரோ 'திருடி' மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஜெயந்தி மறுபடி வீடு மாறிவிட்டாள், காரணம் உனக்கே தெரியும். மற்றதெல்லாம் பிறகு. "இனிமேல் எதையும் ஷேர் பண்ணக் கூடாதுன்னு நிலாகிட்ட சொல்லிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதை முதலில் வாபஸ் வாங்கு. ஏன் என்று சொல்கிறேன். நீளமாகப் போகும், காபி கலந்துகொண்டு உட்கார்.

நிலாவின் விளையாட்டையும், அதைத் 'திருடிய' பிரேசில் ஆளின் விளையாட்டையும் திறந்து பார்த்தேன். பையனா பெண்ணா என்று தெரியாது. ப்ரொஃபைலில் நாட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன். ஸ்கிராட்ச்சில் யார் போட்ட புராஜெக்ட்டானாலும் 'சீ இன்சைட்' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அத்தனை பிளாக்கும், அதாவது கட்டளைத் துண்டும், கண்ணெதிரே வந்து நிற்கும். பக்கத்திலேயே 'ரீமிக்ஸ்' பட்டன். அதை அழுத்தினால் முழுப் பிரதி உன் கணக்குக்கு வந்துவிடும், நீ மாற்றலாம், ஷேர் செய்யலாம். இது யாரோ கண்டுபிடித்த ஓட்டை இல்லை மல்லிகா. 2007-ல் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை இல்லடி, மாசசூசெட்ஸ்) மிட்செல் ரெஸ்னிக்கின் குழு இந்தத் தளத்தைத் திறந்தபோதே இதை நடுத்தூணாக வைத்துத்தான் கட்டினார்கள். 8 வயதிலிருந்து 16 வயது வரைக்குமான பிள்ளைகள் ஒருவர் நிரலை ஒருவர் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உங்கள் அம்மாவின் கோல நோட்டை நினைத்துக்கொள். மார்கழியில் அது எத்தனை வீட்டுக்குப் போய் வரும், திரும்பி வரும்போது எத்தனை இதழ் கூடியிருக்கும்!

சட்டப்படி பார்த்தாலும் உன் புகார் நிற்காது. ஷேர் பட்டனை அழுத்துகிற ஒவ்வொரு புராஜெக்ட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன்-ஷேர்அலைக் 2.0 உரிமத்தின் கீழ் போகிறது. எடுக்கலாம், மாற்றலாம், மறுபடி வெளியிடலாம். ஆனால் மூலத்தைச் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், புதியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். ரீமிக்ஸ் வேண்டாம் என்று பூட்டுப் போட வழியில்லை. வேண்டாம் என்றால் ஷேர் பண்ணாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு படத்தின் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தால்கூடத் தளத்தின் கணக்கில் அது ரீமிக்ஸ்தான், பெயர் சொல்லியிருக்கிறார்களா என்பதே கேள்வி.

பிரேசில் ஆள் பெயர் சொல்லியிருக்கிறாரா? பக்கத்தின் மேலே நிலாவின் பெயர் போட்டு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதை எழுதியது கணினி. ரீமிக்ஸ் பட்டனை அழுத்தினாலே அது தானாக வந்துவிடும். கீழே, குறிப்பும் நன்றியும் நாமே எழுதுகிற 'நோட்ஸ் அண்ட் கிரெடிட்ஸ்' பெட்டி காலி. நிலாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறதென்றால் அது அந்தக் காலிப் பெட்டியில்தான் இருக்கிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆண்ட்ரேஸ் மன்ரோய்-ஹெர்னாண்டஸ், பெஞ்சமின் மாக்கோ ஹில் முதலானவர்கள் இதே தளத்தை வைத்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தளம் தானாகப் பெயர் போட ஆரம்பித்த பிறகு, ரீமிக்ஸ் செய்யப்பட்ட பிள்ளைகள் எப்படி எதிர்வினை செய்தார்கள் என்று பார்த்தார்கள். 12 பேரிடம் விரிவாகப் பேட்டியும் எடுத்தார்கள். இயந்திரம் போட்ட பெயரும் மனிதர் கைப்பட எழுதிய நன்றியும் ஒரே தகவலைச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு அவை ஒன்றல்ல, கைப்பட எழுதியதற்குத்தான் மதிப்பு அதிகம் என்று முடிவு வந்தது. 13 வயதுப் பிள்ளை அழுதால் "அதான் மேலே உன் பேர் இருக்கே" என்று சமாதானம் சொல்லி ஆகாது. அதனால் அந்த ஆளின் புராஜெக்ட் கீழே நிலா ஒரு கமெண்ட் போடட்டும். என் விளையாட்டை எடுத்ததில் சந்தோஷம், கிரெடிட்ஸில் ஒரு வரி சேர்ப்பாயா என்று கேட்டால் போதும். அந்த 'ரிப்போர்ட்' பட்டனுக்கு இப்போது வேலை இல்லை. சில பேர் புராஜெக்ட்டை .எஸ்பி3 கோப்பாகக் கணினிக்கு இறக்கி, தன் கணக்கில் புதிதுபோல ஏற்றி, பெயரே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் தானாக வரும் நன்றி வரியும் வராது. அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் ரிப்போர்ட்.

இப்போது நீ ரசிக்காத செய்தி. நிலாவின் கிரெடிட்ஸ் பெட்டியும் காலி.

அவளுடைய ஹீரோ சரிவில் ஏறுகிற நிரலைப் பார். 'ஸ்லோப்' என்று ஒரு வேரியபிள் (மாறுகிற எண்ணை வைத்துக்கொள்ளும் பெட்டி); சுவரில் இடித்தால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிப் பார்த்து, 8 படி ஏறியும் இடித்தால் அது சரிவில்லை, சுவர் என்று முடிவு செய்து 8 படியும் கீழே இறக்கி, பக்கவாட்டிலும் பின்னுக்குத் தள்ளுகிறது. அருமையான உத்தி, பிளாட்ஃபார்மர் (ஓடித் தாவி ஏறுகிற விளையாட்டு) செய்கிற பிள்ளைகளிடையே வழிவழியாக வருவது. யாரோ எழுதிய ஆங்கிலக் குறிப்புகள்கூட மஞ்சள் சீட்டாக அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதாவது வேறொரு புராஜெக்ட்டிலிருந்து அந்த ஸ்பிரைட்டையே (நிரலோடு கூடிய உருவம்) 'பேக்பேக்'கில், தளம் தருகிற பையில், போட்டு எடுத்து வந்திருக்கிறாள். பேக்பேக் வழியாக வருவதற்குக் கணினி நன்றி சொல்லாது. நாமாகத்தான் எழுத வேண்டும். திட்டாதே. எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பூனை முதலிய தளத்து லைப்ரரிப் படங்களுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. பிறர் நிரல், படம், இசைக்கு வேண்டும்.

பிரேசில்காரர் என்ன மாற்றினார் என்று பார்த்தாயோ? பார்த்திருக்க மாட்டாய், கோபத்தில் இருந்தாய். நிலாவின் விளையாட்டில் ஹீரோ சுவர் ஓரம் திரும்பினால் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, இல்லையா? நடக்கிற காஸ்ட்யூம் (உருவத்தின் தோற்றப் படம்) ஒவ்வொன்றிலும் கால் வேறுவேறு அளவு நீள்கிறது. காஸ்ட்யூம் மாறிய நொடியில் நீண்ட கால் சுவருக்குள் போய்விடும். நிரலோ "இடிக்கிறது, நகராதே" என்று சொல்லிவிடும். படத்தின் மையப்புள்ளி நடுவில் இல்லாவிட்டால் வெறுமனே இடம் வலம் திரும்பினாலே இது நடக்கும். அந்த ஆள் ஒரு வெற்றுச் செவ்வகத்தை ஹிட்பாக்ஸ், அதாவது மோதலைப் பார்க்க மட்டும் பயன்படும், காஸ்ட்யூமாகச் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அதற்கு மாறி, நகர்வையும் மோதலையும் எல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு, கடைசியில் நடக்கும் காஸ்ட்யூமுக்குத் திரும்புகிறது. ஸ்கிராட்ச் நொடிக்கு 30 முறைதான் திரையை வரைகிறது. இந்த வேலையெல்லாம் 'ரன் வித்தவுட் ஸ்கிரீன் ரிஃப்ரெஷ்' (நடுவில் திரையை வரையாமல் ஓட்டு) டிக் செய்த ஒரே கஸ்டம் பிளாக்குக்குள், நாமே செய்துகொள்ளும் பிளாக்குக்குள், நடப்பதால் செவ்வகம் கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, தொடுதிரையில் விரல் வைத்தால் நகரும்படி 'மவுஸ் டவுன்' பார்க்கும் பிளாக்குகளையும் சேர்த்திருக்கிறார். நிலாவுடையது அம்புக்குறி விசைகளோடு நின்றுவிட்டது, கைபேசியில் பார்ப்பவர்களால் ஆடவே முடியாது. அவருக்கு இதயம் (லைக்) ஏன் அதிகம் விழுந்தது என்று இப்போது புரிகிறதா?

இந்த இரண்டையும் நிலா தாராளமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் அதே உரிமம்தானே. எடுத்துக்கொண்டு கிரெடிட்ஸில் எழுதட்டும்.

நான் பார்த்த வரையில் இன்னும் இரண்டு கோளாறு உண்டு, அவை பிரேசில்காரர் கண்ணிலும் படவில்லை. ஒன்று, ஓர் எதிரியை அடித்தால் சில நேரம் எல்லா எதிரியும் சாகிறது. எதிரிகள் எல்லாம் குளோன்கள், ஒரே ஸ்பிரைட்டின் நகல்கள். 'உயிர்' என்ற வேரியபிளை 'ஃபார் ஆல் ஸ்பிரைட்ஸ்' (எல்லாருக்கும் பொது) என்று செய்திருக்கிறாள், அதனால் அத்தனை பேருக்கும் ஒரே உயிர். அதை அழித்துவிட்டு 'ஃபார் திஸ் ஸ்பிரைட் ஒன்லி' (இதற்கு மட்டும்) என்று புதிதாக உண்டாக்கினால் ஒவ்வொரு குளோனுக்கும் தனி உயிர் கிடைக்கும். செத்த குளோனை வெறுமனே ஒளித்துவைக்காமல் 'டெலீட் திஸ் குளோன்' போடச் சொல். ஒரே நேரத்தில் 300 குளோன்தான் இருக்க முடியும். அதற்குமேல் எதிரி வராது, ஏன் வரவில்லை என்று எந்தச் செய்தியும் வராது.

மற்றொன்று, இரண்டாம் முறை பச்சைக் கொடியை (ஆட்டத்தைத் தொடங்குகிற பட்டன்) அழுத்தினால் சில நேரம் பழைய மதிப்பெண்ணிலேயே ஆட்டம் தொடங்குகிறது. பச்சைக் கொடி பெரும்பாலானவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இடம், அளவு, காஸ்ட்யூம், வேரியபிள் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். நிலா ஒவ்வொரு ஸ்பிரைட்டிலும் தனித்தனியாகக் கொடி பிளாக் வைத்திருக்கிறாள், எது முன்னால் ஓடும் என்பதை நம்ப முடியாது. மேடையில் (பின்னணியான 'ஸ்டேஜ்') மட்டும் ஒரே ஒரு கொடி பிளாக் இருக்கட்டும். அது எல்லாப் பொது வேரியபிளையும் பூஜ்யமாக்கிவிட்டு (நம்ம பூஜ்யம் சாரை நினைத்தால் சிரிப்பு வருகிறது) 'தொடங்கு' என்று பிராட்காஸ்ட் அனுப்பட்டும். மற்ற ஸ்பிரைட் எல்லாம் அந்தச் செய்தி வந்த பிறகு கிளம்பட்டும்.

பின்னணியில் அந்த சினிமாப் பாட்டு! அதை எடுத்துவிடச் சொல். கோப்பு 10 எம்பிக்குள் இருந்தால் தளம் ஏற்றிக்கொள்ளும்தான், ஆனால் ஷேர் செய்கிறபோது "இதை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம்" என்று நிலா கையெழுத்துப் போடுகிறாள். தன்னுடையதல்லாத பாட்டை அவள் எப்படித் தானம் கொடுப்பாள்? வீட்டில் கீபோர்டு சும்மாதானே கிடக்கிறது. சவுண்ட் தாவலிலேயே நேராகப் பதிவு செய்யலாம், 20 நொடி வாசித்து லூப் போட்டால் போதும்.

இனி, எனக்கு உண்மையாகவே பயம் தந்த விஷயம். நீ திருட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாய், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நிலாவின் யூசர்நேமில் அவள் பெயர், பிறந்த வருடம், பள்ளிப் பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் இருக்கின்றன. ஸ்கிராட்ச்சில் தனிச்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது, எல்லாக் கமெண்ட்டும் பொதுவில்தான். அது நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரைப் பார்த்தே பள்ளியைக் கண்டுபிடிக்க முடியுமானால் அந்தப் பாதுகாப்பு எதற்கு? யூசர்நேமை மாற்ற முடியாது. புதுக் கணக்கு தொடங்கி, புராஜெக்ட்டை .எஸ்பி3 ஆக இறக்கி அங்கே ஏற்றி, பழையதை அன்ஷேர் செய்ய வேண்டும். இதயங்களும் கமெண்ட்டுகளும் கூட வராது. கொஞ்ச நாள் 'நியூ ஸ்கிராட்ச்சர்', புது உறுப்பினர், ஆகவே இருக்க வேண்டியிருக்கும். அதுவரை கிளவுட் வேரியபிள் (தளத்திலேயே சேமித்து, ஆடுகிற எல்லாருக்கும் பொதுவாக இருப்பது) கிடைக்காது, ஆகவே உலக மதிப்பெண் பலகை காத்திருக்கட்டும். (கிடைத்த பிறகும் அதில் எண் மட்டும்தான் சேமிக்கலாம், 256 இலக்கம் வரை. அதை வைத்து அரட்டை செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் சேர வேண்டாம், தளம் அதை அனுமதிப்பதில்லை.) புதுக் கணக்கில் "இது என் பழைய கணக்கிலிருந்து" என்று பழைய பெயரை மட்டும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள், பிறகு மாற்றியதற்கே அர்த்தமில்லை.

வரிசையைக் கவனி. முதலில் பிரேசில்காரரிடம் கமெண்ட், பதிலுக்கு ஒரு வாரம் விடு. பிறகுதான் கணக்கு மாற்றம்.

புதுப் பதிப்பின் கிரெடிட்ஸ் பெட்டியில் இவை இருக்க வேண்டும்: சரிவு ஏறும் நிரல் யாருடையது, எந்தப் புராஜெக்ட்டிலிருந்து, ஹிட்பாக்ஸ், தொடுதிரை இரண்டும் பிரேசில்காரர் பெயரில், படமும் இசையும் சொந்தம், இந்தப் பதிப்பில் என்ன மாறியது. மேலே 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' பெட்டியில் எந்த விசை எதற்கு என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. சரிவு நிரலின் மூலம் எது என்று அவளுக்கு நினைவில்லை என்றால், அந்த மஞ்சள் குறிப்பில் உள்ள சொற்களை அப்படியே தளத்தில் தேடிப் பார்க்கச் சொல். அதிலும் கிடைக்காவிட்டால் "ஒரு பிளாட்ஃபார்மர் பாடத்திலிருந்து எடுத்தது, யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள்" என்று எழுதட்டும். யாராவது சொல்லிவிடுவார்கள், அந்தப் பிள்ளைகள் இதில் ரொம்பக் கறார்.

புதுக் கணக்கின் பெயர் என்ன என்று எனக்கு வாட்ஸ்அப்பில் போடாதே, போனில் சொல். ஞாயிறு மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். நிலாவிடமே போனைக் கொடு, நீ நடுவில் பேசாதே.

அன்புடன்,
சாந்தி