கடிகார மரபணுவை அளக்கும்போது நேரத்தையும் குறியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலின் 24 மணி நேர ஒழுங்கை நடத்தும் கடிகார மரபணுக்களைக் கொண்டு மார்பகப் புற்றுநோயின் போக்கை முன்கூட்டியே கணிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் தங்கை இந்நோய்க்குச் சிகிச்சை பெற்று வருவதால், அக்கட்டுரையில் விடுபட்ட ஒன்றை, அதாவது சோதனைக்குத் திசு எடுக்கும் நேரத்தைப் பற்றி, எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெர்1, பெர்2, பெர்3, கிரை1, கிரை2 ஆகிய கடிகார மரபணுக்களின் செயல்பாடு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கிளாக், பிமால்1 என்னும் புரதங்கள் இணைந்து இவற்றை முடுக்கிவிட, இவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் திரண்டு அந்த இணையையே அடக்க, அடக்கியவை சிதைந்ததும் முடுக்கம் மறுபடி தொடங்க, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது. மார்பகக் கட்டிகளில் பெர் மரபணுக்களின் செயல்பாடு பக்கத்துத் திசுவில் உள்ளதைவிடக் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டது உண்மைதான். ஆனால் ஒருவரது கட்டியில் பெர்2 குறைவாக இருந்தால், அங்கே கடிகாரம் பழுதாகிவிட்டது என்று கொள்வதா, அது இயல்பாகவே தாழ்ந்திருக்கும் வேளையில் திசு எடுக்கப்பட்டது என்று கொள்வதா?

தங்கைக்கு பயாப்ஸி செய்த அன்று, நூல் துண்டுபோல் மெலிந்த திசு, அதைக் கெடாமல் காக்கும் பார்மலின் புட்டிக்குள் மிதந்ததைப் பார்த்தேன். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் பெயர், வயது, தேதி, எந்தப் பக்கத்து மார்பு என்பதெல்லாம் இருந்தன, மணி இல்லை. பின்னர் வந்த அறிக்கையிலும் கட்டியின் தன்மையைக் காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்2, கேஐ-67 அளவுகள் எல்லாம் இருந்தன, மணி மட்டும் இல்லை. அன்று அது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆய்வாளர்கள் எடுத்தாளும் பெரிய மரபணுத் தரவுத் தொகுப்புகளிலும் திசு எடுத்த நேரம் பெரும்பாலும் இல்லாததால்தான், மரபணு அளவுகளை வைத்தே அந்நேரத்தை ஊகிக்கும் கணிப்பு முறைகளை உருவாக்க வேண்டியதாயிற்று.

நேரம் அற்ப விஷயம் அன்று. மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. இரத்தத்தில் சுற்றிய புற்றணுக்களில் முக்கால் பங்குக்கும் மேல், அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த அதிகாலையில் எடுத்த இரத்தத்திலேயே கிடைத்தன.

கட்டியில் 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும், இன்று நடைமுறையில் உள்ள 21 மரபணுச் சோதனை, 10,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பிறகே, ஹார்மோன் மாத்திரை மட்டும் யாருக்குப் போதும், கீமோ யாருக்குத் தேவை என்று துணிந்து சொல்லும் நிலைக்கு வந்தது. அந்த 21-இல் கடிகார மரபணு ஒன்றுகூட இல்லை. இனி அவற்றைச் சேர்க்க விரும்புவோரும் அதே பொறுமையோடு சோதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கணிப்பு பிசகினால் ஒருத்தி தேவையில்லாத கீமோவின் வேதனையைச் சுமப்பாள். இன்னொருத்திக்கு வேண்டிய மருந்து கிடைக்காமல் போகும்.

திசு எடுத்த மணியை எழுதத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை, சீட்டில் ஒரு கட்டம் போதும். இதுபற்றி நோய்க்குறியியல் வல்லுநர் ஒருவரின் கருத்தைத் தங்கள் இதழில் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி