உறுதிமொழியோடு நிறுத்திவிடாதீர்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலர், பள்ளிக் கல்வி இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் ஆகியோர்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் நம் அரசுப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பார்கள். பதாகைகளோடு பேருந்து நிலையம்வரை ஊர்வலம் போவார்கள். காவல் துறையிலிருந்து ஒருவர் வந்து பேசுவார். பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, பரிசு, புகைப்படம். 2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு’ இயக்கம் தொடங்கியபோது மாநிலம் முழுவதும் மாணவர்கள் ஒரே நேரத்தில் கைநீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் பள்ளிதோறும் இருக்கின்றன. இவற்றை நடத்தும் ஆசிரியர்கள் மனமாரத்தான் நடத்துகிறார்கள். நான் பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. அந்த உழைப்பு போய்ச் சேராத இடம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் முதல் பீரைக் குடிக்கும் இடத்தில் ஆசிரியரும் இல்லை, காவலரும் இல்லை. திருவிழா இரவில் தேர் நிற்கும் தெருவுக்குப் பின்னால், கோடை விடுமுறையில் பந்தல் வேலைக்கோ சமையல் வேலைக்கோ போன இடத்தில், சாவு வீட்டில் பறைக்கு ஆடிக் களைத்த பின், அண்ணன்மாரின் நண்பர்கள் கூடும் ஏரிக்கரையில் அது நடக்கிறது. நீட்டுகிற கை அவனுக்குத் தெரிந்த கை. ‘சும்மா ஒரு வாய்’ என்று சொல்பவன் அவனுக்கு அண்ணன் முறை. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தையும், அதைச் சொல்லிவிட்டு அங்கேயே மரியாதையோடு உட்கார்ந்திருக்க ஒரு வழியும் வேண்டும். அந்த வார்த்தையை அறுபது வயதான நான் கற்றுத்தர முடியாது. அவன் வயதுக்காரன் ஒருவனால் முடியும்.

என் வேண்டுகோள் இதுதான்: எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கி, மது பற்றிய கல்வியைப் பயிற்சி பெற்ற சக மாணவர்கள் நடத்தும் வகுப்புகளாக மாற்றுங்கள்.

இது என் மனத்தில் தோன்றிய புதுமை அன்று. உலகச் சுகாதார நிறுவனம் ஆஸ்திரேலியா, சிலி, நார்வே, சுவாசிலாந்து ஆகிய நான்கு நாடுகளில் 13, 14 வயது மாணவர்களிடம் இதைச் சோதித்தது. 25 பள்ளிகள். சில பள்ளிகளில் மது பற்றிய பாடத்தை ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் மாணவத் தலைவர்கள் நடத்தினார்கள், மற்றவற்றில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். 1989இல் முடிவுகள் வெளியாயின. பண்பாட்டில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத அந்த நாடுகளில், மாணவர்களே நடத்திய வகுப்புகள்தான் குடியைக் குறைப்பதில் பலன் காட்டின.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ என்ற திட்டம் நடந்தது. அது மதுவைப் பற்றியதன்று, புகையிலையைப் பற்றியது. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன். ஆறாம், எட்டாம் வகுப்புகளில் தொடங்கி இரண்டு ஆண்டுகள், பயிற்சி பெற்ற மாணவத் தலைவர்கள் வகுப்புச் செயல்பாடுகளை முன்னின்று நடத்தினார்கள். திட்டம் நடக்காத பள்ளிகளில் அந்த இரண்டு ஆண்டுகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு கூடியது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது. நம் பிள்ளைகள், நம் வகுப்பறைகள், நம் ஆசிரியர்கள். இப்படிப்பட்ட முடிவு கையில் இருந்தும் அதை மதுவுக்கு ஏன் விரித்துப் பார்க்கவில்லை என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சீருடை அணிந்தவர் வந்து எச்சரிக்கும் முறைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை ‘டேர்’ என்ற போதைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் அது பரவியது. பெற்றோருக்குப் பிடித்தது, தலைமையாசிரியர்களுக்கும் பிடித்தது. ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பிள்ளைகளின் பழக்கத்தில் நிலைத்து நிற்கும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பின்னர் அந்தத் திட்டமே தன் பாடத்தை மாற்றிக்கொண்டது. வெளியார் வந்து ஒரு நாள் பயமுறுத்திவிட்டுப் போவதைப் பிள்ளைகள் மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மாணவத் தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுற்றறிக்கை வந்தவுடன் வகுப்பாசிரியர் முதல் மதிப்பெண் எடுக்கும் இருவரின் பெயரை எழுதி அனுப்பிவிட்டால் திட்டம் அன்றே முடிந்துவிடும். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைக் கடைசி பெஞ்சு கேட்காது. பிரிட்டனில் புகைபிடிப்பதைத் தடுக்க ‘அசிஸ்ட்’ என்ற திட்டம் 59 பள்ளிகளில் நடந்தது. அங்கே 12, 13 வயது மாணவர்களிடமே ‘உங்களில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்?’ என்று எழுதிக் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பெயர்களைப் பள்ளிக்கு வெளியே அழைத்துப்போய் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அவர்கள் மேடை ஏறவில்லை. பத்து வாரம் பஸ்ஸிலும் சாப்பாட்டு வேளையிலும் நண்பர்களோடு சாதாரணமாகப் பேசினார்கள். 2008இல் வெளியான முடிவுகள் அந்தப் பள்ளிகளில் புகைபிடிப்பவர்கள் குறைந்ததைக் காட்டின. நம் வகுப்புகளிலும் இரகசிய வாக்குச் சீட்டே போதும். கபடி அணித் தலைவன் வரட்டும், வகுப்பையே சிரிக்க வைக்கும் பையன் வரட்டும், இடைவேளையில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஓடிப்போகும் அந்தப் பெண் வரட்டும். ஊரும் காலனியும் ஒரே வகுப்பில் படிக்கும் பள்ளிகளில் இரண்டு பக்கத்திலிருந்தும் தலைவர்கள் வர வேண்டும். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. இல்லாவிட்டால் பாதி வகுப்புக்குக்கூடச் செய்தி போகாது.

ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவில் வழக்கமான பள்ளியில் நிலைக்காத மாணவர்களுக்கான பள்ளிகளில் போதைத் தடுப்புப் பாடம் பற்றி ஒரு சோதனை நடந்தது, 2007இல் அதன் முடிவுகள் வந்தன. நண்பர்களையே குழுவாக்கிப் பாடம் நடத்தியபோது, போதைப் பழக்கம் இல்லாத நண்பர்களைக் கொண்ட பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்தது. ஏற்கெனவே பழக்கம் உள்ள நண்பர்களைக் கொண்ட பிள்ளைகளுக்கு அதே பாடம் தீமையாக முடிந்தது. ஆகவே குடிக்கும் பையன்களைத் தனியே ஒன்றுசேர்த்து உட்காரவைத்து ‘அறிவுரை’ வழங்கும் ஏற்பாடு எதுவும் வேண்டாம். வகுப்பு முழுவதும் கலந்த சிறு குழுக்கள், எப்போதும் அருகில் இருக்கும் ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், எழுதி வைத்த பாடத்திட்டம் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? வீங்கிய கல்லீரலின் படம் வேண்டாம். பதினான்கு வயதில் ஐம்பது வயது நோய் யாருக்கும் பொருட்டில்லை. கணக்கு போடச் சொல்லுங்கள். பீர் சாராயம் ஆகாது என்று நம் பையன்கள் நிஜமாகவே நம்புகிறார்கள். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால், அதாவது சுமார் 77 மில்லி. 650 மில்லி பீர் பாட்டிலில் 8 விழுக்காடு என்றால் 52 மில்லி. ஒரு பாட்டில் பீர் ஏறக்குறைய குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. எட்டாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்கு இது. ஒரு மாணவி கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஒரு மாதம் அதைப் பற்றியே பேசுவார்கள். எலுமிச்சைச் சாறும் மோரும் கறுப்புக் காபியும் போதையை இறக்காது, கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ‘எல்லாரும் குடிக்கிறார்கள்’ என்ற எண்ணமே பாதிப் பேரைக் குடிக்க வைக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் குடிப்பதாகச் சொன்னார். சிலர் மறைத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குடிக்காதவர்களே மிகப் பலர். வகுப்பிலேயே பெயர் எழுதாத சீட்டில் கேட்டுப் பாருங்கள். ‘நம் வகுப்பில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்?’ என்பது ஒரு கேள்வி, ‘நீ குடித்திருக்கிறாயா?’ என்பது இன்னொரு கேள்வி. இரண்டு விடைகளையும் மாணவத் தலைவர் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். தாங்கள் நினைத்ததைவிடக் குடிக்காதவர்கள் எவ்வளவு அதிகம் என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணால் பார்ப்பது எந்த உரையையும்விட வலியது.

பிறகு ஒத்திகை. நான் மேலே சொன்ன திருவிழா இரவையும் சாவு வீட்டையும் நாடகமாக நடித்துப் பார்க்க வேண்டும். மறுப்பதற்கு அவரவர் ஊர்ப் பேச்சில் நான்கைந்து வழிகள் வேண்டும். நண்பன் ஒருவன் குடித்து மயங்கி விழுந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 108ஐ அழைக்க வேண்டும் என்று கற்க வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து ஓடிவிடக் கூடாது என்பதைத் தோழன் சொன்னால்தான் ஏறும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வயிற்றுவலி, கண் மங்குதல் என்றால் உடனே மருத்துவமனை என்ற செய்தியை வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஓர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் முடியும்.

அந்த வகுப்பில் இன்னொரு கூட்டமும் இருக்கும். குடிக்காத, ஆனால் குடியால் தூங்காத பிள்ளைகள். அப்பா வரும் சத்தத்தை வைத்தே இரவு எப்படிப் போகும் என்று கணிக்கத் தெரிந்தவர்கள். பெண்பிள்ளைகள் அவர்களில் நிறைய. ‘மது தீயது’ என்று சொல்லும் உரை அவர்களுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை, பலருக்கு அவமானத்தைத்தான் கூட்டுகிறது. சக மாணவி ஒருத்தி கேட்கத் தெரிந்தவளாக இருந்தால் அங்கே முதன்முறையாக வாய் திறக்கும். அப்படித் திறக்கும்போது, கேட்ட குழந்தையின் தலையில் அந்தச் சுமை நிற்கக் கூடாது. யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஓர் ஆசிரியரின் பெயராக எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொன்னவள் பெயர் ஆசிரியர் அறையில் பேசுபொருளானால், அந்தப் பள்ளியில் அதன்பிறகு எவரும் எதையும் சொல்ல மாட்டார்கள். 1098 (குழந்தைகள் உதவி), 14416 (மனநல உதவி), 14446 (போதை மீட்பு உதவி) ஆகியவை வெறும் எண்களாக நிற்காமல், அழைத்தால் என்ன கேட்பார்கள் என்பதும் வகுப்பில் பேசப்பட வேண்டும். குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டுவரை சிறை விதிக்கிறது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

2024–25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். கடைகளைக் குறைப்பது உங்கள் துறையின் கையில் இல்லை என்று அறிவேன். அந்தப் போராட்டத்தை நாங்கள் வேறு இடத்தில் நடத்துகிறோம். 21 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது என்ற விதியைக் கடையில் காப்பதும் வேறு துறையின் பொறுப்பு. ஆனால் இந்த வருவாயிலிருந்து மாணவத் தலைவர்களின் இரண்டு நாள் பயிற்சிக்கும், ஓர் ஆசிரியருக்கான பயிற்சிக்கும், அச்சிட்ட கையேட்டுக்கும் பணம் கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கேளுங்கள்.

நேரம் இல்லை என்பீர்கள். ஆண்டுக்கு எட்டுப் பாடவேளை போதும். விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தினாலே அதைவிட அதிகம் கிடைக்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தொட வேண்டாம். எட்டிலும் ஒன்பதிலும் நடந்தால் போதுமானது.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வரும் கல்வியாண்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களில் சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். அதே அளவு பள்ளிகளை ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் இரண்டாண்டு முடிவிலும் பெயர் குறிப்பிடாத வினாத்தாள் கொடுங்கள். அளக்கும் பணியை உங்கள் துறைக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படையுங்கள். பலன் இல்லை என்று வந்தாலும் அந்த அறிக்கையை வெளியிடுங்கள். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதற்கான தீர்மானத்தை முன்வைக்கிறேன். அதன் நகல் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்