அயல் பூச்சிக்கு ஒப்பம் போடுகிறவர்களுக்கு

களையை ஒழிக்க வேறு நாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடலாமா என்று முடிவெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த முறைக்கு எதிரி இல்லை. ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி சுமார் 6 கோடி ஏக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆர்சனிக் மருந்தடித்தும் அடங்காமல் கிடந்தபோது, 1920களில் அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுபோன காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சிதான் அதைச் சாய்த்தது. இந்த வெற்றியை எல்லோரும் சொல்வார்கள். அதே பூச்சியை 1957-ல் கரீபியனில் நெவிஸ் தீவில் விட்டார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் கள்ளி வந்தேறி, ஆனால் அந்தப் பக்கம் அது சொந்த மண்ணின் செடி. அந்த அந்துப்பூச்சி முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கள்ளியின் முள் மாதிரியே ஒட்டி வைக்கும். பொரிந்த புழுக்கள் கூட்டமாக மடலைத் துளைத்து உள்ளே போய், தோல் மட்டும் மிஞ்சும் வரை தின்னும். 1989-ல் புளோரிடாவில் தென்பட்டது. அங்கே விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டுமே மிஞ்சியிருந்த அரிய கள்ளியையும் அது விடவில்லை.

சரி, ஒரு தவறு என்று விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது வேறொன்று. மஸ்க் திஸில் என்ற முள் நிறைந்த களையை அடக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து 1968-ல் கனடாவிலும் 1969-ல் அமெரிக்காவிலும் விட்டார்கள். பூத்தலையில் முட்டையிடும், புழு உள்ளே இருக்கும் விதையைத் தின்னும். இந்த வண்டு களையின் பங்காளிச் செடிகளையும் தின்னும் என்பது விடுவதற்கு முன் நடந்த சோதனையிலேயே தெரிந்திருந்தது! அந்தப் பங்காளிகளில் அமெரிக்காவின் சொந்தச் செடிகளும் உண்டு, ஆனால் அவை யாருக்கும் காசு தராத காட்டுச் செடிகள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. முப்பது வருடம் கழித்து, 1997-ல், ஸ்வாடா லவ்டாவும் அவரோடு வேலை செய்தவர்களும் எண்ணிப் பார்த்தபோது, நெப்ராஸ்காவின் மணல் மேட்டில் பிளாட் திஸில் என்ற சொந்தச் செடியின் விதை பெருமளவு காணாமல் போயிருந்தது, அந்தப் பூத்தலையை நம்பிப் பிழைத்த உள்ளூர் ஈயும் குறைந்திருந்தது. சோதனை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, அதன் பதிலைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பயிரைத் தின்னாவிட்டால் போதும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். பயிரும் தப்பும் என்று சொல்வதற்கில்லை, உண்ணிச்செடிக்காக விட்ட பூச்சி உகாண்டாவில் எள்ளில் போய் உட்கார்ந்தது.

அப்புறம், பூச்சி தப்பான செடியைத் தொடாமலேயே வம்பு வரலாம். வட அமெரிக்காவில் நாப்வீட் களையின் பூத்தலைக்குள் முடிச்சு உண்டாக்கும் ஈயை விட்டார்கள். ஈ பெருகியது, களை குறையவில்லை. குளிர்காலம் முழுக்க அந்தத் தலைகளுக்குள் கொழுத்த புழு இருப்பதை எலிகள் கண்டுகொண்டன. களை மண்டிய இடங்களில் எலி பெருகியது, மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடிய ஹன்டா வைரஸ் தொற்றிய எலிகளும் அங்கே அதிகம். எந்தப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருந்திருக்கும்?

அமெரிக்காவில் டாமரிஸ்க் என்ற களை மரத்தை அடக்கக் கொண்டுவந்த வண்டும் அப்படித்தான். 2001-ல் திறந்த வெளியில் விட்டார்கள், தெற்கே தாக்குப்பிடிக்காது என்று கணக்குப் போட்டார்கள், அது சில வருடங்களில் அங்கத்திய பகல் நீளத்துக்குப் பழகிக்கொண்டது. அழிவின் விளிம்பில் இருந்த ஒரு சிறு பறவை, வேறு மரம் குறைந்துபோனதால் அந்தக் களை மரத்தில்தான் கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதனால் 2010-ல் அமெரிக்க வேளாண் துறை திட்டத்தை நிறுத்தியது. வண்டுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

மருந்து தப்பென்றால் தெளிப்பதை நிறுத்தலாம், இதில் அது கிடையாது. அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் சோதனைப் பட்டியலில் களையின் காட்டு உறவுகள் எத்தனை, எல்லைக்கு அப்பால் இருப்பவர்களிடம் கேட்டீர்களா, விட்டபிறகு பத்து வருடமாவது எண்ணிப் பார்க்க ஆளும் பணமும் ஒதுக்கியாயிற்றா? அந்தக் கணக்கு, நல்லதோ கெட்டதோ, பொதுவில் வருமா? பதில் கோப்பில் இருந்தால் வெளியிடுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன். இல்லையென்றால் அதை எழுதி முடிக்கும் வரை பூச்சிகள் கூண்டிலேயே இருக்கட்டும்.