அம்பாசமுத்திரத்து வீட்டுக்கு என்ன செய்யலாம்

பாளையங்கோட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பிய படங்களும் கிடைத்தன. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். மழை இன்னும் பிடிக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டு உள்அலங்காரம் கற்றுக்கொண்டு பிறர் வீடுகளைச் செய்துகொடுக்கும் இந்தத் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மா இருக்கும் அம்பாசமுத்திரம் வீட்டை எடுத்துச் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். முதலாவதற்குப் பதில் சொன்னால்தான் இரண்டாவதற்கு நான் சொல்லப்போவது உனக்குப் புரியும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

மதுரையில் சேர்ந்த வகுப்பில் அளவுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆள் தாராளமாக நடக்க 36 அங்குலம் வழி விட வேண்டும். சோபாவுக்கும் அதன் முன்னால் போடும் மேசைக்கும் இடையே 16 முதல் 18 அங்குலம். ஹாங்கரில் சட்டை குறுக்காகத் தொங்குவதற்குத் துணி அலமாரி 24 அங்குல ஆழம் இருக்க வேண்டும். திரைச்சீலை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமானால் துணி ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு வாங்க வேண்டும். எல்லாம் உபயோகமான பாடங்கள். இன்றைக்கும் தினமும் கைகொடுக்கின்றன.

மரத்தைப் பற்றிய பாடம் மேலப்பாளையம் பக்கத்தில் ஓர் ஆசாரி அண்ணாச்சியின் பட்டறையில் கிடைத்தது. பிளைவுட் பலகை எட்டுக்கு நான்கு அடியில் வரும், அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் கனம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அண்ணாச்சி பலகையின் விளிம்பைப் பார்க்கக் கற்றுத்தந்தார். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பார்; பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறும் இடத்தில் உள்ளே வெற்றிடம் இருக்கும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு 710 என்ற தர எண் கொண்ட பலகையைத் தவிர வேறு எதையும் அவர் தொடுவதில்லை. கொதிக்கும் நீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை. படுக்கையறைக்கு 303 போதும். இதை மாற்றிப் போட்டுக் காசு பார்ப்பவர்கள் உண்டு என்பதால் பலகையில் அடித்திருக்கும் முத்திரையை நானே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரு சமையலறையில், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான புத்தம் புது அலமாரிகள் ஊறவைத்த அவல்போல் உப்பிக் கையோடு வந்தன. அதே வீட்டின் பின்கட்டில் பழைய அடுக்களை இருந்தது. அங்கே சுவரில் பதித்த கடப்பா கல் தட்டுகளைக் கழுவிவிட்டு மறுநாளே பாத்திரம் அடுக்கினார்கள். ஆற்றங்கரை ஊர்களில் தரைத்தளச் சமையலறை என்றால், கீழ்த் தட்டுகளுக்குக் கடப்பா கல்லையே இப்போது நான் முதலில் சொல்கிறேன். கதவை மட்டும் பலகையில் போட்டால் பார்வைக்கு எந்தக் குறையும் இருப்பதில்லை.

இவை எல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும். நம் பக்கத்தில் இந்தத் தொழிலைச் செய்யும்போது தினமும் எதிரே வந்து நிற்பது வேறு ஒன்று. பணம் கொடுப்பவர் ஒருவர், குடியிருப்பவர் மற்றொருவர். மகன் மஸ்கட்டில் இருப்பார், மகள் பெங்களூரில் இருப்பாள். வீடு வண்ணார்பேட்டையிலோ சேரன்மகாதேவியிலோ இருக்கும். அதில் வயதான தாயும் தகப்பனும் இருப்பார்கள். பல வீடுகளில் தாய் மட்டும்தான். படங்கள் மகனிடமிருந்து வரும், முன்பணமும் அவரிடமிருந்தே வரும். சுவரின் நிறத்தையும் சோபாவையும் விளக்கையும், வருஷத்தில் சில வாரங்கள் வந்து தங்குகிறவர் தீர்மானிக்கிறார். மீதி நாட்கள் முழுவதும் அங்கே எழுந்து உட்கார்ந்து சமைத்துத் தூங்குகிறவர், "பிள்ளை சொன்னபடியே செய்துவிடு தாயி" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போய்விடுவார். பெற்றவள் சுகமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பிள்ளைகள் இவ்வளவு செலவு செய்கிறார்கள். அந்த ஆசை உண்மையானது. ஆனால் அவர்கள் கண்ணில் இருப்பது, விடுமுறைக்கு வந்து இறங்கும்போது பார்க்க விரும்பும் வீடு.

இங்கே பாளையங்கோட்டையில் ஒரு வீடு செய்தேன். மகன் அனுப்பிய பட்டியலின் முதல் வரி, குளியலறைக்குப் போகும் நடையில் உள்ள சுவரைப் பற்றியது. அந்தச் சுவர் அசிங்கமாக இருக்கிறது, அழுக்கு ஒட்டாத, கழுவக்கூடிய பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறிய கறை, சுவரோரமாக நீளமாக ஓடியது. அங்கே குடியிருக்கும் அவருடைய தாயார், ஆச்சி, நடக்கும்போது நானும் பின்னாலேயே நடந்தேன். பட்டாசலின், அதாவது கூடத்தின், நிலைப்படியைத் தாண்டியதும் அவர்களுடைய வலது கை தானாகச் சுவருக்குப் போகிறது. சில எட்டு தூரம் உள்ளங்கை சுவரை விட்டு அகலுவதில்லை. அதன் பிறகு குளியலறைக் கதவின் பிடி கைக்கு வந்துவிடுகிறது. டேப்பை எடுத்துக் கறையின் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து 32 அங்குலம் இருந்தது.

அதே உயரத்தில் ஒரு கைப்பிடி வைத்தோம். அந்த வீட்டிலேயே கழற்றிப் போட்டிருந்த தேக்கு உத்திரத்திலிருந்து ஒன்றரை அங்குல விட்டத்தில் அண்ணாச்சி உருட்டி எடுத்தார். விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை அங்குலம் விட்டார். சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு முனைகளையும் சுவரோடு வளைத்து முடித்தார். சுவருக்குப் பெயிண்டும் அடித்தாயிற்று, மகனும் கேட்டது கிடைத்தது என்றார். வீடியோவில் கைப்பிடியைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள்ளும் ஒன்று வேண்டும் என்று அவராகவே சொன்னார். ஆச்சி பேசத் தொடங்கியதும் அந்த நாளிலிருந்துதான். மேல் தட்டு எட்டவில்லை என்றார்கள். சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றார்கள். புறவாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும்போது முதுகு சாய ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். என்ன வேண்டும் என்று நான் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் இவ்வளவையும் சொன்னார்கள். இப்போதெல்லாம் புது வீட்டுக்குப் போனால் முதல் நாள் நான் எதையும் கேட்பதில்லை, படமும் காட்டுவதில்லை. அடுக்களையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்கள் அழகானவை. பளபளக்கும் வெள்ளைத் தரை, தாழ்ந்த வெள்ளை சோபா, பொய்க்கூரைக்குள்ளிருந்து நீல வெளிச்சம், மேலே கண்ணாடி போட்டு மூடிய முற்றம். உன் ரசனை கல்லூரி நாட்களிலேயே எனக்குப் பிடிக்கும், இன்றும் பிடிக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இருக்கப் போவது எழுபதைத் தாண்டிய அம்மா.

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடுகிறது. ஆகவே கூரையிலிருந்து வரும் நீல ஒளி அம்மாவுக்கு உதவாது. பளபளக்கும் தரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், ஈரமானால் வழுக்கும். அம்மாவுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், விளக்கு கண்ணில் அடிக்கவும் கூடாது. காய் நறுக்கும் மேடைக்கு மேலே, தட்டின் அடிப்பக்கத்தில் ஒரு விளக்கு வைத்தால் அவர்கள் நிழல் அரிவாள்மணைமேல் விழாது. பட்டாசலுக்கு 3,000 கெல்வின் மஞ்சள் ஒளி போதும். கட்டிலிலிருந்து குளியலறை வரை, தரையை ஒட்டி இரவு முழுவதும் எரியும் சின்ன விளக்குகள் வேண்டும். பழைய காவித் தரையைப் பெயர்க்காதே. அதைத் தேய்த்து மெழுகேற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோபாவின் உட்காரும் உயரம் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கையூன்றி எழுவதற்குக் கெட்டியான மரக் கைகள் வேண்டும்.

முற்றத்தைப் பற்றி நான் உன்னோடு வாதாடத்தான் போகிறேன். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. முன்தாழ்வாரமான தார்சா முதல் புறவாசல் வரை அந்த நீள வீட்டுக்கு நடுவில் வெளிச்சம் வருவதும், சூடேறிய காற்று மேலே போவதும் முற்றத்தின் வழியாகத்தான். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த வீட்டுக்குள் எப்படிச் சுழலும் என்று உனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்தபோது நாம் அங்கேதானே படுத்துத் தூங்கினோம். கண்ணாடியால் இறுக மூடிவிட்டால் பங்குனி, சித்திரையில் வீடு வெந்துவிடும், பிறகு அறைக்கு அறை ஏசி வைக்க வேண்டியிருக்கும். அம்மா தனியாக இருக்கிறார்கள், திருட்டு பயம் இருக்கிறது, குரங்குகள் வேறு இறங்குகின்றன என்று நீ எழுதியிருப்பது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. முற்றத்தின் விளிம்பைவிட ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடிக் கூரையை நிறுத்தி, சுற்றிலும் அந்த ஒன்றரை அடிக்கு இரும்புக் கிராதியும் கம்பி வலையும் போடலாம். மழை உள்ளே விழாது, குரங்கு வராது, காற்றுக்கு வழி திறந்தே இருக்கும். கூரை விளிம்பு போதுமான அளவு வெளியே நீண்டிருந்தால் ஐப்பசிச் சாரலும் உள்ளே அடிக்காது.

நீ ஆசைப்பட்ட அழகு எங்கே என்று கேட்பாய். அதை நான் விடவில்லை. போன வாரம் கோரைப் பாய் நெய்யும் பத்தமடைக்குப் போயிருந்தேன். கோரையைக் கீறிக் காயவைத்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். நெடுக்காகக் கட்டிய மெல்லிய பருத்தி நூல் பாவில் ஒவ்வோர் இழையாகக் கோத்து அடித்து இறுக்கும் பெண்ணின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாதி நாளில் வளர்ந்தது சில விரற்கடை அகலம்தான். கையில் எடுத்தால் துணியைப்போல் மடிகிறது. அம்மாவின் கட்டில் தலைமாட்டுக்கு அந்தப் பாயை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பதிக்கலாம் என்று நினைக்கிறேன். சுவரை ஒட்டி வைத்தால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்பதால் பின்னால் ஓர் அங்குலம் காற்றுக்கு இடம் விட வேண்டும். மெரூன் கரை போட்ட பாய். சுவருக்கு வெண்மையிலும் லேசான காவி கலந்த நிறம். திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்தின் மேல் நிலைகளில் உள்ள பழைய சுவரோவியங்களையும் மரச் சிற்பங்களையும் பார்த்திருக்கிறாயா? அந்தச் செம்மண் சிவப்பும் மஞ்சளும் மங்கலான வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. நிறம் தேர்ந்தெடுக்கும்போது அந்தச் சுவர்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன. எதுவானாலும் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காட்டி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் டப்பா வாங்குவேன்.

பணத்தைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். என் கூலி தனி, சாமான் விலை தனி. எந்தக் கடையிலும் நான் கமிஷன் வாங்குவதில்லை. பில்கள் உன் பெயருக்கே வரும். என் கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கைப்பிடிகளும் விளக்குகளும் முதலில், முற்றம் அடுத்து, அழகு வேலைகள் கடைசியில் என்று மூன்று கட்டமாகச் செய்யலாம். நடுவில் எங்கே நிறுத்தினாலும் அம்மாவுக்குத் தேவையானது முடிந்திருக்கும்.

தீபாவளி கழிந்ததும் அம்பாசமுத்திரம் போய் இரண்டு நாள் அம்மாவோடு தங்கிவிட்டு வருகிறேன். அதன் பிறகே வரைபடம் போடுவேன். நான் வருவதை அம்மாவுக்கு நீயே சொல்லிவிடு. மச்சில் கிடக்கும் உருளியையும் பித்தளை அண்டாவையும் எடைக்குப் போடப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கும் வரை எதையும் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அண்ணனுக்கு வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி